பொலோஞாவில் ஒரு நாள்: முதலில் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் குறியுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: அக்டோபர் நடுவில் கணவன், மனைவி, அறுபத்தெட்டு வயது அம்மா என மூன்று பேர் இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் தங்குகிறார்கள். அதில் ஒரு நாள் பொலோஞாவுக்குப் போய்வர ஆசை. அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். மற்ற இருவரும் எல்லாம் சாப்பிடுவார்கள். என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கலாம், ஒரு நாள் போதுமா?

போதும். ஆனால் ஃப்ளாரன்ஸில் செய்வதுபோல "இத்தனை மணிக்கு இந்த மியூசியம்" என்று அட்டவணை போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்த ஊரில் நாளை நடத்துவது அடுப்படிதான். உணவகங்கள் மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடும். அப்புறம் இரவு ஏழரைக்குத்தான். நான் மிலானில் வேலை பார்த்த காலத்தில் முதல் முறை இங்கே வந்தபோது, கோபுரம், கோயில் என்று சுற்றிவிட்டு 2.40க்குப் பசியோடு கிளம்பினேன். வரிசையாக மூன்று இடங்களில் தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டார்கள். இத்தாலியிலேயே சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் ஆறிப்போன சாண்ட்விச்சும் ஒரு சிப்ஸ் பொட்டலமும்தான் அன்று எனக்குக் கிடைத்தது. அதனால் ஒன்றேகால் மணிக்கு ஒரு மேசையை முன்பதிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் மாட்டுங்கள்.

எந்தக் கிழமை என்றால், வெள்ளி. 'ஆகஸ்ட் 8' என்ற பெயர்கொண்ட சதுக்கத்தில் 'லா பியாட்ஸோலா' என்ற துணிச் சந்தை வெள்ளியும் சனியும் மட்டும்தான் கூடும். சனி, ஞாயிறில் நடுத்தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டுவிடுவார்கள். அது நல்லதுதான், ஆனால் கூட்டம் நெரியும். திங்கள் வேண்டாம், பல மியூசியங்களுக்கு அன்று விடுமுறை.

ஃப்ளாரன்ஸிலிருந்து அதிவேக ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். 2009 இறுதியில் திறந்த அந்தப் பாதை 78 கிலோமீட்டர், அதில் 73 கிலோமீட்டர் சுரங்கம். காது அடைப்பதுதான் மிச்சம். மலிவான வட்டார ரயிலும் உண்டு, பெரும்பாலும் வழியில் பிராட்டோவில் மாற வேண்டியிருக்கும். அதில் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்.

நிலையத்திலிருந்து ஊர் நடுவில் இருக்கும் மஜ்ஜோரே சதுக்கத்துக்கு இந்திபெந்தென்ஸா தெரு வழியாக இருபது நிமிட நடை. அம்மாவுக்கு நடக்க முடியுமா என்ற கவலை உங்கள் கேள்வியில் தெரிகிறது. ஐரோப்பாவில் வயதானவர்கள் நடப்பதற்கு இதைவிட வசதியான பழைய நகரம் அதிகம் இல்லை. காரணம் இந்த ஊரின் போர்ட்டிகோக்கள், அதாவது தெருவோரமாக வளைவு வளைவாக நீளும் கூரைபோட்ட நடைபாதைகள். நிலையம் தொட்டுச் சதுக்கம் வரை ஏறக்குறைய முழு வழியும் தலைக்கு மேல் கூரை, காலுக்குக் கீழே வழவழப்பான தரை. மழை வந்தாலும் குடையைப் பையிலேயே வைத்திருக்கலாம்.

இவை வந்த கதை சுவாரசியமானது. பொலோஞா பல்கலைக்கழகம் 1088ல் தொடங்கியதாகச் சொல்வார்கள். படிக்க வருகிறவர்கள் கூடக்கூட வீட்டில் இடம் போதவில்லை. மாடியைத் தெருவின் மேல் நீட்டிக் கட்டி, கீழே மரக்கால் நட்டார்கள். மற்ற ஊர்களில் இதை ஆக்கிரமிப்பு என்று இடித்தார்கள். இங்கே 1288ல், புது வீடு கட்டினால் போர்ட்டிகோ வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், குதிரைமேல் இருப்பவர் தலை இடிக்காத உயரத்தில். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. இன்றும் அப்படித்தான். பழைய நகருக்குள் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர் இருக்கிறது. 2021ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மரத்தூண்களை அப்படியே பார்க்க வேண்டுமென்றால், மஜ்ஜோரே வீதியில் காஸா இஸோலானி வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். மூன்று மாடி உயரத்துக்கு ஓக் மரக்கால்கள். எத்தனை தலைமுறைக் கைகள் தடவினவோ, கை எட்டும் உயரத்தில் கருத்து மினுமினுக்கும்.

சதுக்கத்துக்கு ஒன்பதரை, பத்துக்குள் வந்துவிட்டால் முதலில் ஒரு காபி. பாரில் நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோவை ஒட்டி முடியும். அதே காபி மேசைக்கு வந்தால் இரண்டு மூன்று மடங்கு. அம்மா உட்கார வேண்டுமென்றால் சதுக்கத்தைப் பார்த்த கடையில் உட்காராமல் ஒரு தெரு தள்ளிப் போங்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில் கடல் தெய்வம் நெப்டியூனின் நீரூற்று, சிற்பி ஜம்போலோஞா 1560களில் வார்த்த வெண்கலச் சிலையோடு. கையில் இருக்கும் திரிசூலத்தை எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். மசெராட்டி காரின் சின்னம் அதுதான், அந்தக் கம்பெனி 1914ல் பிறந்தது இந்த ஊரில். பக்கத்தில் போதெஸ்தா மாளிகைக்குக் கீழே நாலு வழி கூடும் வளைவு மண்டபம் இருக்கிறது. ஒருவர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மெல்லப் பேசினால் எதிர்மூலையில் காதை வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். பெரிய மனிதர்கள்கூட மூலைக்கு மூலை சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு நிற்பார்கள், வெட்கப்படாமல் நீங்களும் நில்லுங்கள்.

சான் பெட்ரோனியோ பேராலயம் 1390ல் தொடங்கி முடியாமல் நிற்கிறது. முகப்பின் கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். ரோமின் புனித பேதுரு ஆலயத்தை மிஞ்சிவிடுமோ என்று பயந்து போப்பாண்டவர் நிறுத்திவிட்டார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் பை சோதனை உண்டு, தோளை மூடிய உடை வேண்டும்.

உள்ளே என்னை இழுப்பது தரையில் கிடக்கும் ஒரு கோடு. 1655ல் வானியலாளர் காசினி போட்டது, 66.8 மீட்டர் நீளம். பூமியின் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்குப் பண்ணி வைத்தது. மேலே கூரையில், 27 மீட்டர் உயரத்தில் ஒரு துளை. அதன் வழியாக விழும் சூரிய ஒளி, உச்சிப்பொழுதில் அந்தக் கோட்டைக் கடக்கும். சூரியனின் பிம்பம் பருவத்துக்குப் பருவம் எவ்வளவு பெரிதாகிறது, சிறிதாகிறது என்று இங்கே அளந்துதான், கோள்கள் ஓடும் விதம் பற்றிக் கெப்ளர் சொன்னது சரி என்பதற்குக் காசினி ஆதாரம் சேர்த்தார். கோயிலுக்குள் உட்கார்ந்து, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவை அதே திருச்சபை தண்டித்து இருபது சொச்சம் ஆண்டுகளில்!

நீங்கள் வரும் அக்டோபர் நடுவில் கோடைக்கால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பது) இன்னும் மாறியிருக்காது, அதனால் கைக்கடிகாரத்தில் பகல் ஒரு மணியை ஒட்டித்தான் இது நடக்கும். 12.45க்கு உள்ளே போய்க் கோட்டின் அருகில் நில்லுங்கள். ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு வெளிச்சம் தரையில் ஊர்ந்து வருவது கண்ணுக்கே தெரியும். ஆலயம் மதிய இடைவேளைக்கு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதைக் காலையிலேயே வாசலில் பார்த்துவையுங்கள். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, அது நம் கையில் இல்லை.

பத்து மணிக்கும் அதற்கும் நடுவில் இரண்டு வேலை. ஒன்று, பேராலயத்தை ஒட்டி இருக்கும் ஆர்க்கிஜின்னாஸியோ. 1563ல் கட்டி முடித்த பல்கலைக்கழகக் கட்டடம், இப்போது நூலகம். முற்றமும் படிக்கட்டும் சுவர் தெரியாத அளவுக்கு மாணவர்களின் குலச்சின்னங்கள், ஆயிரக்கணக்கில். சிறு கட்டணம் கொடுத்தால் மேலே உடற்கூறு அரங்கைப் பார்க்கலாம். முழுக்க மரம், நடுவில் சடலத்தைக் கிடத்திய பளிங்கு மேசை, சுற்றிலும் மாணவர் இருக்கைகள். பேராசிரியர் நாற்காலியின் இருபுறமும் தோல் உரித்த இரண்டு மரமனிதர்கள் நிற்பார்கள், 1734ல் செதுக்கியவை. 1944 ஜனவரி 29 அன்று குண்டு விழுந்து இந்த அரங்கு நொறுங்கியது. இடிபாட்டில் கிடைத்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துத் திரும்பக் கட்டினார்கள். ஊரில் ஒன்றே ஒன்றுக்குத்தான் டிக்கெட் வாங்குவீர்கள் என்றால் இதற்கு வாங்குங்கள்.

இரண்டாவது, சதுக்கத்தின் கிழக்கே இருக்கும் பழைய கடைத்தெருப் பகுதி, குவாத்ரிலாத்தெரோ. பெஸ்கெரியே வெக்கியே, த்ரப்பெரியே, கப்ரரியே என்று தெருப்பெயரே பழைய மீன் விற்றவர்கள், துணி விற்றவர்கள், ஆட்டிறைச்சி விற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்று சொல்லிவிடும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். இங்கே வாங்குவதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் வேடிக்கை மட்டும். கண்ணாடிக்குப் பின்னால் மாவுக்கை அம்மாக்கள் தொர்த்தெல்லினி என்ற பூரணம் வைத்த குட்டிப் பாஸ்தாவை மடித்துக்கொண்டிருக்கும் கடை ஏதாவது கண்ணில் படும். ஸ்ஃபோல்யீனா என்று அவர்களைச் சொல்வார்கள். மஞ்சள் தகடாகத் தேய்த்த மாவை விரல் இரண்டு அகலச் சதுரமாக வெட்டி, நடுவில் சுண்டுவிரல் நுனியளவு பூரணம். முக்கோணமாக மடித்து, விரலைச் சுற்றி ஒரு அழுத்து, அவ்வளவுதான், அடுத்தது. பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே செய்வார்கள். அம்மா அங்கே அரைமணி நேரம் நின்றுவிடுவார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, சாப்பாடு. உங்கள் இருவருக்கும் எளிது. ஒருவர் தால்யத்தெல்லே அல் ராகு (இறைச்சிக் குழம்பு போட்ட நாடாப் பாஸ்தா), இன்னொருவர் தொர்த்தெல்லினி இன் ப்ரோதோ (சாற்றில் மிதக்கும் தொர்த்தெல்லினி) சொல்லிப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஸ்பகெட்டி பொலோனீஸ் என்று உலகம் முழுக்க விற்பது இந்த ஊர்ப் பழக்கத்தில் இல்லாதது. ராகு ஒட்டிக்கொள்ள அகலமான முட்டைமாவு நாடா வேண்டும் என்பார்கள். எவ்வளவு அகலம் என்பதையும் விடவில்லை. வெந்த தால்யத்தெல்லே 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதாவது இந்த ஊரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270ல் ஒரு பங்கு என்று 1972ல் வர்த்தக சபையில் பதிந்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். ராகுவின் செய்முறை 1982ல் பதிவாகி, 2023ல் திருத்தப்பட்டது. அதில் மாட்டிறைச்சியும் பன்றியும் உண்டு. தொர்த்தெல்லினியின் பூரணமும் பன்றிதான், இறைச்சிச் சாற்றில் மிதந்து வரும், அதில் மாடும் இருக்கலாம். எல்லாம் சாப்பிடுவோம் என்று எழுதியிருந்தாலும், சிலர் மாடு மட்டும் தவிர்ப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

அம்மாவின் விஷயத்துக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இந்த ஊரில் "புதிய பாஸ்தா" என்று பெருமையாகச் சொல்வது எல்லாமே முட்டை போட்டுப் பிசைந்தது. கீரையும் ரிக்கொத்தா என்ற மென்மையான சீஸும் வைத்த தொர்த்தெல்லோனியை (தொர்த்தெல்லினியின் பெரிய வடிவம்) சைவம் என்று கொண்டுவந்து வைப்பார்கள். மாமிசம் இல்லைதான், மேல்மாவில் முட்டை இருக்கிறது. "பாஸ்தா செக்கா அல் பொமொதோரோ" என்று கேளுங்கள். அது உலர்ந்த பாஸ்தா, கோதுமையும் தண்ணீரும் மட்டும், மேலே தக்காளி. "சென்ஸா கார்னே, சென்ஸா உவோவா" என்றால் இறைச்சி, முட்டை வேண்டாம். பர்மிஜானோ சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்றுச் சத்தைத்தான் சேர்க்கிறார்கள், வேறு வழியில் செய்தால் அந்தப் பெயரே வைக்க முடியாது. அம்மாவுக்கு அது ஆகாதென்றால் "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பியாதினா ரொட்டியில் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு இருக்கும், எண்ணெயில் செய்ததா என்று கேட்காமல் வாங்காதீர்கள். சுட்ட காய்கறித் தட்டு எல்லா இடத்திலும் உண்டு. சீஸே இல்லாத மரினாரா பீட்ஸாவும் கைகொடுக்கும். உகோ பஸ்ஸி தெருவில் மெர்காத்தோ தெல்லே எர்பே என்ற உள்ளரங்கக் காய்கறிச் சந்தை இருக்கிறது. அக்டோபரில் அங்கே திராட்சையும் அத்தியும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் நடுவில் பசித்தாலும் கவலையில்லை.

பில்லில் 'கொபெர்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். ஏமாற்று இல்லை, மேசைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம். டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சாப்பிட்டபின் இரட்டைக் கோபுரம். அசினெல்லி 97 மீட்டர், பக்கத்தில் கரிசெண்டா 48 மீட்டர், பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் சாய்வு. கரிசெண்டாவின் அடித்தளம் பலவீனமாகிவிட்டதென்று 2023 அக்டோபரில் அடைத்து வேலி போட்டார்கள், அசினெல்லி மேலே ஏறுவதும் அத்தோடு நின்றது. வேலிக்கு வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். 498 படி ஏறினால் பட்டம் கிடைக்காது என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை, அந்தக் கவலையும் இப்போது இல்லை. உயரத்திலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் சதுக்கத்தின் மணிக்கூண்டுக் கோபுரம் இருக்கிறது. அம்மாவை ஏற்ற வேண்டாம்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் சான்தோ ஸ்தெஃபானோ. ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் பழைய கோயில்கள், பெயர் "ஏழு கோயில்", இன்று மிச்சம் நாலு. முக்கோணச் சதுக்கத்தின் படியில் உட்கார்ந்து ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட நல்ல இடம். ஐஸ்கிரீமைக் கலர் கலராக மலைபோல் குவித்து வைத்திருக்கும் கடையை விடுங்கள், மூடிபோட்ட உலோகக் குழியிலிருந்து எடுத்துத் தரும் கடையைத் தேடுங்கள். சில ஐஸ்கிரீமில் முட்டை சேரும் என்பதால் அம்மாவுக்குப் பழச்சாற்றில் செய்யும் சொர்பெத்தோ.

பியெல்லா தெருவில் ஒரு சின்ன ஜன்னல் வழியாகக் கால்வாய் தெரியும், இணையத்தில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நிமிடத்துக்கு இருபது நிமிட வரிசை, நான் போகமாட்டேன். மலைமேல் இருக்கும் சான் லூக்கா கோயிலுக்கு 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகளுடன் ஒரே போர்ட்டிகோ ஏறிப்போகிறது. அருமையான நடைதான், அரை நாளைத் தின்றுவிடும். சதுக்கத்திலிருந்து சுற்றுலா ரயில்வண்டி போகிறது, ஆனால் அதற்காகக் கடைத்தெருவை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாலரைக்கு மேல் கடை. துணிச்சந்தை முதலில். பெரும்பாலும் சாதாரண ரகம்தான், தோல் பெல்ட், கம்பளிச் சால்வை, உள்நாட்டுத் தயாரிப்பு என்று தேடினால் அகப்படும். ஒரு ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்து உள்பக்க லேபிளைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். அப்புறம் திரும்பவும் குவாத்ரிலாத்தெரோ.

சீஸ் வாங்கினால் 24 மாதம் பழுத்த பர்மிஜானோ. தோல் ஓரத்தில் புள்ளிப்புள்ளியாகப் பெயர் குத்தியிருக்கும், அது தெரிகிற துண்டாகக் கேளுங்கள். நாற்பது கிலோ சக்கரத்தைக் கடைக்காரர் வெட்டமாட்டார். பாதாம்பருப்பு வடிவக் கத்தியைச் செருகி நெம்புவார், பாறை விரிகிற மாதிரி சொரசொரவென்று பிளக்கும். "சொத்தோவுவோதோ" என்றால் காற்றை உறிஞ்சிப் பொட்டலம் கட்டித் தருவார்கள். மொர்ததெல்லா என்ற பன்றியிறைச்சித் தொத்திறைச்சியை இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், மாமிசத்தை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோனால் சுங்கத்தில் வம்பு.

பால்ஸாமிக் வினிகரில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பக்கத்து ஊர் மோதெனாவின் சரக்கு இது. பெரிய அழகான பாட்டிலில் ஐந்து பத்து யூரோவுக்கு இருப்பது அன்றாடச் சாலட்டுக்கு. 'த்ரதித்ஸியோனாலே' என்ற சொல்லும், பிறந்த ஊருக்கு உத்தரவாதம் தரும் டிஓபி முத்திரையும் இருப்பதுதான் மரப்பீப்பாயில் குறைந்தது 12 ஆண்டு கிடந்தது. 'எக்ஸ்த்ராவெக்கியோ' என்றால் 25 ஆண்டு. உருண்டை வயிறும் சதுர அடியும் கொண்ட 100 மில்லி குட்டிப் பாட்டிலில் மட்டுமே வரும், விலை பல பத்து யூரோ. பாகு மாதிரி இழுக்கும், ஸ்பூன் நுனியில் நாலு சொட்டு வனிலா ஐஸ்கிரீம்மேல் விட்டுப் பாருங்கள். 100 மில்லி என்பதால் விமானத்தில் கைப்பையிலேயே போகும்.

ஊருக்குப் பரிசாக என்றால் மயானி சாக்லெட். 1796லிருந்து இருக்கும் கடை. நாலடுக்கு க்ரெமீனோ சாக்லெட்டை 1911ல் ஃபியட் கம்பெனியின் புதுக் காருக்காகச் செய்தார்கள், இன்றும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. அக்டோபர் குளிரில் உருகாது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்கள் என்றால் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டி வரித்திருப்பிக் கேளுங்கள். 2024 ஜனவரி வரை இது 154.94 யூரோவாக இருந்தது, பழைய குறிப்புகளை நம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொருளைப் பெட்டிக்குள் கட்டி அனுப்பும் முன் விமானநிலையச் சுங்கத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஏழு மணிக்கு உங்கள் இருவருக்கும் ஒரு கிளாஸ் ஒயின் வேண்டுமென்றால் ஒஸ்தெரியா தெல் சோலே என்ற மதுக்கடை. 1465லிருந்து நடக்கிறதாம். குடிக்க மட்டும்தான் தருவார்கள், சாப்பாட்டை நீங்கள் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் வாங்கிய சீஸும் ரொட்டியும் அம்மாவின் திராட்சையும் மேசையில் விரியட்டும். முன்னிரவிலேயே சாத்திவிடுவார்கள் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

திரும்பும் ரயிலுக்கு இருபது நிமிடம் முன்னதாக நிலையத்தில் இருங்கள். அதிவேக ரயில்கள் நிற்பது தரைக்குக் கீழே, 16 முதல் 19 வரையிலான நடைமேடைகளில். முகப்பிலிருந்து இறங்கிப் போகவே பத்து நிமிடம் ஆகும். நிலைய முகப்பின் இடது பக்கம் ஒரு கடிகாரம் 10.25 காட்டிக்கொண்டு நிற்கும். பழுது என்று நினைத்து மணியைச் சரிபார்க்காதீர்கள். 1980 ஆகஸ்ட் 2, கோடை விடுமுறைக் கூட்டம், இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. உள்ளே அந்த அறை இன்னும் காத்திருப்பு அறைதான். சுவரில் பிளவை அப்படியே விட்டுப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள், அதன் எதிரில் பெட்டியோடு ஆட்கள் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருப்பார்கள்.